ஆயிரம் கணக்குப் போட்டால் அறிவு வந்துவிடுமா?

சமீப காலமாய் நமது நாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெற்றோர்களிடத்தில் ஒரு புதிய சரக்கு விலை கூறப்பட்டு வருகின்றது. அச்சரக்கு என்னவென்றால், பௌதிகம், ரசாயனம் முதலிய விஞ்ஞானப் பாடங்களில் மாணாக்கர்களுக்கு வேண்டிய பயிற்சிக் கணக்குகளை, மனிதன் உட்கார்ந்து எழுதாமல், கம்ப்யூட்டரே தானாகச் செய்து கொடுக்கும் மென்பொருளாகும். ஒருதரம் தொட்டால் பத்துக் கணக்கு வரும். மறுதரம் தொட்டால் வேறு பத்து வரும். இராப்பகலாய்த் தொட்டுக்கொண்டே இருந்தாலும் புதிது புதிதாய் வந்துகொண்டே இருக்கும் என்கிறார்கள். இதைக் கேட்ட மாத்திரத்திலேயே பெற்றோர்களில் பலர், தங்கள் பிள்ளை டாக்டராவதற்கோ இஞ்சினீயராவதற்கோ இனி ஒரு தடையுமில்லை என்று நம்பி, கடன் வாங்கியாவது பணத்தைக் கட்டிவிடுகிறார்கள்.

நாம் யந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. மனிதனுடைய வீண் பாட்டைக் குறைக்கிற எந்த யந்திரத்தையும் நாம் வரவேற்கிறவர்களேயாவோம். ஆனால், யந்திரத்தை உபயோகிப்பது வேறு. யந்திரத்துக்குக் கும்பிடு போடுவது வேறு. ஒரு பொருள் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது என்கிற ஒரே காரணத்துக்காக அதில் அறிவு இருக்கிறதென்று நம்புவதற்கும், ஒரு வாக்கியம் பழைய ஓலையிலிருந்து வருகிறது என்கிற காரணத்துக்காக அதில் உண்மை இருக்கிறதென்று நம்புவதற்கும் நமக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆகையால் இந்தச் சரக்கையும் நிறுத்துப் பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

யந்திரம் செய்வது என்ன?

கணக்கு தானாக உண்டாகிறது என்றால் ஏதோ மாயம் போலத் தோன்றலாம். மாயம் ஒன்றுமில்லை. கலியாணப் பத்திரிகை அச்சடிக்கிறவர் என்ன செய்கிறார்? வாசகம் முழுவதையும் ஒருதரம் கோர்த்து வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தேதி, இடம் ஆகியவைகளை மாத்திரம் மாற்றி மாற்றி அச்சடிக்கிறார். கணக்குச் செய்யும் யந்திரமும் அதையேதான் செய்கின்றது.

உதாரணமாக, ஒரு கல்லை வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலே எறிந்தால் அது எவ்வளவு உயரம் போகும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, பூமி இழுப்பின் அளவை இரட்டித்து வகுத்தால் விடை வரும். பூமி இழுப்பைச் சுமாராய் 10 என்று வைத்துக்கொண்டால், 400ஐ 20ஆல் வகுக்க 20 மீட்டர் என்றாகிறது. இதில் 20 என்கிற வேகத்தை எடுத்துவிட்டு 30 என்று போட்டால் விடை 45 மீட்டர். 40 என்று போட்டால் 80 மீட்டர். யந்திரம் செய்வதெல்லாம் அந்த ஒரு இடத்தில் ஒரு புது எண்ணைப் போட்டு, சூத்திரப்படி விடையையும் கணக்கிட்டு வைத்துக்கொள்வதேயாகும். கல்லுக்குப் பதில் பந்து என்றும், பந்துக்குப் பதில் மாங்காய் என்றும் பெயரை மாற்றவும் அதற்குச் சொல்லி வைக்கலாம். இப்படி ஒரே கணக்கு ஆயிரம் கணக்காகிவிடுகிறது. ஆனால் ஆயிரம் பத்திரிகை அச்சடித்தவர் ஆயிரம் வாசகம் எழுதியவராக மாட்டார் என்பதை மாத்திரம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

மேலும், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை போடலாம் என்கிற எல்லையை ஒரு மனிதன் யோசித்து வைக்காவிட்டால் என்ன ஆகுமென்று பாருங்கள். யந்திரம் 3000 என்று ஒரு வேகத்தைப் போட்டுவிடும். விடை என்ன? 450 கிலோமீட்டர்! ஒரு பையன் கையால் எறிந்த கல் 450 கிலோமீட்டர் உயரம் போயிற்று என்று ஒரு புராணத்தில் இருந்தால் நாம் சிரிப்போம். அதுவே யந்திரத்திலிருந்து வந்தால் பிள்ளைகள் வாய் பேசாமல் கணக்குப் போட்டு விடை எழுதுகிறார்கள். அந்த வேகத்தில் காற்றின் தடை என்ன ஆயிற்று, அவ்வளவு உயரத்தில் பூமியின் இழுப்பு குறைந்து போகுமே அது என்ன ஆயிற்று என்று யந்திரமும் கேட்பதில்லை; பிள்ளையும் கேட்பதில்லை.

இது ஒருவகை. 2022ஆம் வருஷக் கடைசியில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் மற்றொரு வகையும் பரவியிருக்கின்றது. இவ்வகை யந்திரங்கள் ஏராளமான எழுத்துக்களைப் பார்த்து, எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்கிற போக்கைக் கற்றுக்கொண்டு, அந்தப் போக்கிலேயே கணக்கையும் எழுதும், விடையையும் எழுதும். முதல் வகையிலாவது விடை ஒரு சூத்திரத்தின்படி கணக்கிடப்படுகிறது. இரண்டாம் வகையோ, வேறு ஏற்பாடு செய்து சரிபார்க்காத வரையில், சரியாகவும் சொல்லும், தவறாகவும் சொல்லும்; இரண்டையும் ஒரே கம்பீரத்தோடு சொல்லும். கேட்கிற பிள்ளைக்கு எது சரி, எது தவறு என்று பிரித்துப் பார்க்கும் சக்தி முன்னமேயே இருந்தால் கவலையில்லை. அந்தச் சக்தி இல்லாததால்தானே பிள்ளை பயிற்சிக்கு வந்திருக்கிறான்?

நன்மையே இல்லையா?

உண்டு. அதை மறைப்பது நேர்மையல்ல. அமெரிக்காவில் மிச்சிகன் ஸ்டேட் யூனிவர்சிட்டியில் எட்வின் காஷி முதலிய பௌதிக ஆசிரியர்கள் 1992இல் 'காப்பா' என்கிற ஒரு ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒரு வகுப்பில் உள்ள ஒவ்வொரு மாணாக்கனுக்கும் ஒரே மாதிரிக் கணக்கு, ஆனால் வேறு வேறு எண்களோடு கொடுக்கப்பட்டது. ஒருவன் விடையை மற்றவன் பார்த்து எழுதினால் தவறாய்ப் போய்விடும். ஆகவே, "உனக்கு என்ன விடை வந்தது?" என்று கேட்பதால் பிரயோஜனமில்லாமல் போய், "நீ எப்படிப் போட்டாய்?" என்று கேட்கவேண்டிய அவசியம் ஏற்பட்டது. முதல் கேள்வி திருட்டுக்கு வழி. இரண்டாவது கேள்வி படிப்புக்கு வழி. போட்ட விடை சரியா தவறா என்பதும் உடனே தெரிந்தது. தவறினால் மறுபடி போட்டுப் பார்க்கவும் இடமிருந்தது.

ராச்செஸ்டர் யூனிவர்சிட்டியிலும் மைக்கேல் கேஜ், ஆர்னால்ட் பைசர் என்கிற இரண்டு கணித ஆசிரியர்கள் 1990களின் நடுவில் 'வெப்வொர்க்' என்று ஒன்றைச் செய்தார்கள். இங்கிலாந்தில் கிறிஸ் சாங்வின் என்பவர் 2004 வாக்கில் 'ஸ்டாக்' என்பதைத் தொடங்கினார். இவைகளில் நாம் முக்கியமாய்க் கவனிக்க வேண்டியது, இவையெல்லாம் எவரும் விலையின்றி எடுத்து உபயோகிக்கவும், உள்ளே என்ன எழுதியிருக்கிறதென்று திறந்து பார்க்கவும், திருத்தவும் கூடியவையாக விடப்பட்டிருக்கின்றன என்பதாகும். மிச்சிகனில் பிறந்த 'காப்பா'வின் பின்வந்த வடிவமும் அப்படியே. ஆசிரியர்கள் தங்கள் வகுப்புக்காகச் செய்ததை ஊருக்குப் பொதுக் கிணறாக வெட்டி விட்டார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்து வாசலை அதிகம் மிதிக்காமல், கிடைத்த புஸ்தகத்தைக் கொண்டு தானே கற்றுக்கொள்ள முயன்ற எவனுக்கும் இதன் அருமை தெரியும். புஸ்தகத்தில் உள்ள பத்துக் கணக்கும் தீர்ந்துவிட்டால் அவனுக்குப் பதினொன்றாவது கணக்குக் கொடுக்க ஆளில்லை. போட்டது சரியா என்று சொல்லவும் ஆளில்லை. அப்பேர்ப்பட்டவனுக்கு இந்த யந்திரம் ஒரு பெருத்த உதவி என்பதில் நமக்குச் சந்தேகமே கிடையாது.

பழைய வாக்குறுதி

ஆனால், உதவி என்பதோடு நிற்காமல், இதுவே குரு, இதுவே கல்வி என்று பறையறைவதுதான் நமக்கு ஆட்சேபணை. இந்தப் பறையும் புதிதல்ல. ஓஹியோவில் சிட்னி பிரெஸ்ஸி என்கிற மனோதத்துவ ஆசிரியர் 1920களிலேயே, கேள்வி காட்டி நான்கு கட்டைகளில் ஒன்றை அமுக்கச் சொல்லும் ஒரு பெட்டியைச் செய்தார். 1950களில் ஸ்கின்னர் என்பவர் 'போதனா யந்திரம்' என்று மற்றொன்றைச் செய்தார். 1960இல் இல்லினாய் யூனிவர்சிட்டியில் 'பிளேட்டோ' என்று கிரேக்க ஞானியின் பெயரையே ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டுக்கு வைத்தார்கள். 1966இல் ஸ்டான்போர்டு யூனிவர்சிட்டி பேட்ரிக் சப்பீஸ், அலெக்ஸாண்டருக்கு அரிஸ்டாட்டில் வாய்த்ததுபோல், இன்னும் சில வருஷங்களில் லட்சோப லட்சம் பிள்ளைகளுக்குத் தனி ஆசிரியர் கம்ப்யூட்டர் ரூபத்தில் வந்துவிடுவார் என்று எழுதினார்.

அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அரிஸ்டாட்டில் எத்தனை வீட்டுக்கு வந்தார் என்பது நமது வாசகர்களுக்கே தெரியும். பரீட்சைக்கு முதல் நாள் இரவு உருப்போடும் பிள்ளைகள் அன்று இருந்தது போலவே இன்றும் இருக்கிறார்கள். புஸ்தகத்தை வைத்துக்கொண்டு உருப்போட்டவர்கள் இப்போது கண்ணாடிப் பலகையை வைத்துக்கொண்டு உருப்போடுகிறார்கள் என்பதுதான் கண்ட பலன்.

லாரியும் காரும்

நிறையக் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கிவிடும் என்பது யாவரும் ஒப்புக்கொண்ட நம்பிக்கை. யாவரும் ஒப்புக்கொண்டது என்பதாலேயே அதைப் பரீட்சித்துப் பார்க்காமல் விட்டுவிடக்கூடாது. நல்ல வேளையாகச் சிலர் பரீட்சித்துப் பார்த்திருக்கிறார்கள்.

தென் கொரியாவில் கிம், பாக் என்கிற இரு ஆராய்ச்சிக்காரர்கள் 27 கல்லூரி மாணாக்கர்களை எடுத்துக்கொண்டு, அவர்கள் உயர்தரப் பள்ளியில் பௌதிகக் கணக்கு எத்தனை போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்தார்கள். குறைந்தது 300, அதிகம் 2900, சராசரி சுமார் 1500. பிறகு அவர்களுக்குக் கணக்கில்லாத, ஆனால் விஷயம் விளங்கினால்தான் பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரணமாய் மாணாக்கர்களுக்கு இருக்கும் தப்பபிப்பிராயங்கள் இவர்களிடத்திலும் அப்படியே இருந்தன. அதிகக் கணக்குப் போட்டவனுக்கு அதிகம் விளங்கியிருந்தது என்று சொல்லவும் இடமில்லை. இது 2002இல் அமெரிக்கப் பௌதிக ஆசிரியர்களின் பத்திரிகையில் வெளியாயிற்று.

ஹார்வார்டு யூனிவர்சிட்டி, உலகத்தில் பெயர்போனது. அங்கு பௌதிகம் போதித்த எரிக் மேசூர் என்பவர், தமது மாணாக்கர்கள் கஷ்டமான கணக்குகளை யெல்லாம் போடுவதைக் கண்டு தாம் நன்றாய்ப் போதிப்பதாகவே நினைத்திருந்தார். அரிசோனாவில் ஹாலூன், ஹெஸ்டனஸ் என்பவர்கள் 1985இல் வெளியிட்ட ஆராய்ச்சியைப் பார்த்து, அதுபோன்ற சாதாரணக் கேள்விகளைத் தம் மாணாக்கர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். அவற்றில் ஒரு மாதிரி இது: ஒரு பெரிய லாரியும் ஒரு சிறிய காரும் மோதிக்கொள்கின்றன, லாரி காரின்மேல் செலுத்தும் விசை பெரிதா, கார் லாரியின்மேல் செலுத்தும் விசை பெரிதா? இரண்டும் சமம் என்பது நியூட்டனின் மூன்றாவது விதி. விதியை ஒப்பிக்கச் சொன்னால் எல்லோரும் ஒப்பிப்பார்கள். லாரி என்று சொன்னவுடன் விதி மறந்து போகிறது. லாரிதான் பெரிதாய் மோதும் என்கிறார்கள். ஒரு மாணவி, இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பதில் எழுதுவதா, அல்லது நாங்கள் உண்மையாய் நினைக்கிறபடி எழுதுவதா என்று அவரையே கேட்டாளாம்!

இந்தக் கேள்வியை நமது வாசகர்கள் ஒருதரத்துக்கு இரண்டுதரம் படித்துப் பார்க்க வேண்டுகிறோம். பரீட்சைக்கு ஒரு உண்மை, மனதுக்கு ஒரு உண்மை என்று இரண்டு பெட்டி வைத்துக்கொண்டிருக்கும் படிப்பு விஞ்ஞானப் படிப்பாகுமா? பகலில் கிரகணத்தின் காரணத்தைப் பள்ளிக்கூடத்தில் எழுதிவிட்டு, இரவில் அதே கிரகணத்துக்குப் பயந்து வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளுகிற பட்டதாரிகள் நம்மிடத்தில் எப்படி உண்டாகிறார்கள் என்பதற்கும் இதுவே பதிலாகும்.

முன்சொன்ன கல்லையே எடுத்துக்கொள்ளுவோம். அந்தக் கணக்கை நூறுதரம் சரியாய்ப் போட்ட ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, "கல் கையை விட்டுப் போய் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போது அதன்மேல் விசை எந்தப் பக்கம்?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகர் மேல்பக்கம் என்பார்கள். கை கொடுத்த விசை கல்லுக்குள் இருந்துகொண்டு தள்ளுகிறது என்பது அவர்கள் எண்ணம். அது கலிலியோவுக்கு முந்திய காலத்து எண்ணம். காற்றை நீக்கிப் பார்த்தால், கையை விட்ட வினாடி முதல் கல்லின்மேல் இருப்பது பூமியின் இழுப்பு ஒன்றுதான். அது ஏறும்போதும், உச்சியில் நிற்கும்போதும், இறங்கும்போதும் கீழ்நோக்கியே இருக்கிறது. நூறு கணக்கும் சரி, விஷயம் தவறு. இதற்கு மேல் இன்னும் ஆயிரம் கணக்கை யந்திரம் கொட்டினால் என்ன ஆகும்? தவறு இன்னும் ஆழமாய்ப் புதைந்து போகும், அவ்வளவுதான்.

மேசூர் பிறகு என்ன செய்தார்? கணக்குக் குவியலை அதிகப்படுத்தவில்லை. வகுப்பில் ஒரு கேள்வியைப் போட்டு, மாணாக்கர்கள் பக்கத்திலிருப்பவனோடு வாதாடி, ஏன் அப்படி என்று ஒருவனுக்கொருவன் எடுத்துச் சொல்லும்படி செய்தார். 1998இல் ரிச்சர்டு ஹேக் என்பவர் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மாணாக்கர்களின் கணக்கைத் திரட்டிப் பார்த்ததில், உபன்னியாசம் மாத்திரம் கேட்ட வகுப்புகளைவிட இவ்விதம் மாணாக்கர்களை ஈடுபடுத்தின வகுப்புகளில் விளக்கம் சுமார் இரண்டு பங்கு அதிகம் ஏற்பட்டதாகத் தெரிந்தது.

ஏன் இந்தக் குவியல்?

அப்படியானால், பயனில்லாத குவியலை ஏன் விற்கிறார்கள், ஏன் வாங்குகிறார்கள் என்று கேட்கலாம். நமது பரீட்சைகளைப் பார்த்தால் பதில் தெரியும். 2025இல் நடந்த நீட் பரீட்சையில் 180 நிமிஷத்தில் 180 கேள்வி. ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம். தவறினால் ஒரு மார்க்குப் பிடிப்பு. ஒரு நிமிஷத்தில் "ஏன்?" என்று யோசிக்கிறவன் தோற்றுப் போவான், யோசிக்காமல் பழக்கத்தால் கை நகர்கிறவன் ஜெயிப்பான். கை பழகுவதற்குக் குவியல் வேண்டும். குவியலை மனிதன் எழுதினால் சம்பளம் கொடுக்க வேண்டும். யந்திரம் எழுதினால் சம்பளமில்லை. ஆனால் பெற்றோரிடத்தில் வாங்கும் கட்டணம் மாத்திரம் குறைவதாகக் காணோம். இதில் லாபம் யாருக்கு என்று நாம் விளக்க வேண்டுமா?

அமெரிக்காவிலேயே, பல கல்லூரிகளில் வீட்டுக் கணக்கைப் போட்டு அனுப்புவதற்கு மாணாக்கன் புஸ்தகக் கம்பெனியிடம் ஒரு ரகசியக் குறியீட்டை விலைக்கு வாங்க வேண்டியிருக்கிறது. ஏழைப் பையன் பழைய புஸ்தகத்தைக் குறைந்த விலைக்கு வாங்கிப் படித்துக்கொள்ளலாம். குறியீட்டை அப்படி வாங்க முடியாது. ஒருவன் உபயோகித்தால் அது தீர்ந்தது. தன் பாடத்துக்கான கணக்கைப் போட்டுக் காட்டுவதற்கே மாணாக்கன் சுங்கம் கட்டவேண்டும் என்றால் இது என்ன நியாயம்?

விடைத்தாளின் அதிகாரம்

இவை யாவற்றையும்விடக் கெடுதலானது ஒன்று இருக்கிறது. அது, விடைத்தாள் சொன்னதே சரி என்கிற அடிமைப் புத்தியாகும்.

2024 நீட் பரீட்சையில் பௌதிகத்தில் ஒரு கேள்வி வந்தது. அதில் இரண்டு வாக்கியங்கள். அவற்றில் ஒன்று, ஒவ்வொரு மூலகத்தின் அணுக்களும் நிலையானவை என்றது. ரேடியம், யுரேனியம் முதலியவற்றின் அணுக்கள் தாமே சிதைந்து போகின்றன என்பது கியூரி அம்மையார் காலத்திலிருந்தே தெரிந்த சங்கதி. ஆகவே வாக்கியம் தவறு. ஆனால், பழைய பாடப்புஸ்தகத்தில் சரியென்று இருந்தது என்பதற்காக, பரீட்சை நடத்தினவர்கள் இரண்டு விடைக்கும் மார்க்குக் கொடுத்துவிட்டார்கள். விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரையில் போய், 2024 ஜூலையில் டில்லி ஐ.ஐ.டி. நிபுணர்கள் மூவர் பார்த்து, விடை ஒன்றுதான் என்று சொன்னார்கள். நாலு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மார்க்குக் குறைந்தது.

நாம் கேட்பது என்னவென்றால், அணு நிலையானதா இல்லையா என்பது இயற்கையைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயமா, புஸ்தகத்தின் பதிப்பைப் பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயமா? மனிதர்கள் கூடி யோசித்துச் செய்த கேள்வியிலேயே இவ்வளவு குழப்பம். அதுவும், எதிர்த்துக் கேட்க ஆளிருந்ததால், கேட்க ஒரு கோர்ட்டும் இருந்ததால், வெளியில் வந்தது. யந்திரம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாய்க் கேள்வி செய்து, தனித்தனியாய் "தவறு" என்று சிகப்பில் காட்டினால், அந்தக் கேள்வியே தவறு என்று பிள்ளை எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? இரண்டுதரம் யோசிப்பான், மூன்றாவதுதரம், "நமக்குத்தான் புத்தியில்லை" என்று தன்னைத்தானே தாழ்த்திக்கொண்டு, யந்திரம் சொன்னதை உருப்போடுவான். ஒரு பிள்ளையின் தன்மதிப்பைக் கெடுக்க இதைவிட வேறு வழி வேண்டியதில்லை.

ஆட்சேபணைகள்

"பயிற்சியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். அப்படியல்ல. நீச்சலைப் புஸ்தகத்தில் கற்க முடியாது. தண்ணீரில் இறங்கத்தான் வேண்டும். ஆனால் இடுப்பளவுத் தண்ணீரில் ஆயிரம் நாள் நின்றவன் நீச்சல்காரனாக மாட்டான். ஒரே கணக்கில் எண்ணை மாற்றுவது அதே தண்ணீரில் நிற்பது. பத்துக் கணக்கில் கை பழகிவிட்டால் பதினொன்றாவது கணக்கு ஆழத்தில் இருக்கவேண்டும்.

"காப்பியடிப்பதையாவது யந்திரம் ஒழித்துவிட்டதல்லவா?" என்பார்கள். எண்ணைக் காப்பியடிக்க முடியாது என்பது வாஸ்தவம். ஆனால் நண்பனிடம் சூத்திரத்தை வாங்கித் தன் எண்ணைப் போட்டுக்கொள்ள எது தடை? மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலேயே கம்ப்யூட்டரில் கொடுத்த வீட்டுக் கணக்கைப் பிறரைப் பார்த்துப் போட்டவர்கள் இருந்தார்கள் என்றும், அதிகம் அப்படிச் செய்தவர்கள் பரீட்சையில் பின்தங்கினார்கள் என்றும் 2010இல் ஆராய்ச்சி வெளியாயிற்று. மார்க்குக்காகக் கணக்கு என்று இருக்கிற வரையில் பூட்டு எவ்வளவு பெரிதோ, சாவியும் அவ்வளவு பெரிதாகவே வரும்.

"யந்திரத்துக்குப் பட்சபாதமில்லையே, அது பொதுவானதுதானே?" என்பார்கள். பத்திரிகையை அச்சடிப்பது யந்திரம். வாசகம் எழுதுவது மனிதன். எந்தக் கணக்கு வரவேண்டும், எது வரக்கூடாது, எது கஷ்டம், எது சுலபம் என்றெல்லாம் தீர்மானிக்கிறவன் ஒருவன் திரைக்குப் பின்னால் இருக்கிறான். அவன் யோக்கியனாகவும் இருக்கலாம், அறிவாளியாகவும் இருக்கலாம். ஆனால் அவன் இருக்கிறான் என்பதை மறைக்கிறவன் யோக்கியனல்ல.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, பணம் கேட்கிறவனிடம், இந்தக் கணக்கு எப்படிச் செய்யப்படுகிறது, விடை எப்படி வருகிறது, திறந்து காட்டு என்று கேட்க வேண்டும். விலையில்லாமல் கொடுக்கிறவர்கள் திறந்து வைத்திருக்கும்போது, விலை வாங்குகிறவன் மூடி வைப்பதற்கு என்ன உரிமை?

இரண்டாவது, கேள்வியே தவறு என்று பிள்ளை சொல்வதற்கு ஒரு வழியும், அதைப் பார்த்துப் பதில் சொல்ல ஒரு மனிதனும் இருக்கவேண்டும். அது இல்லாத யந்திரத்தை வீட்டுக்குள் விடக்கூடாது.

மூன்றாவது, பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிக்கூடங்களும் யூனிவர்சிட்டிகளும் இவ்விதப் பொதுவான யந்திரங்களை எடுத்து, தமிழில் கணக்கு எழுதி, நூல் நிலையத்திலும் படிப்பகத்திலும் கிராமத்துப் பிள்ளைக்கும் கிடைக்கும்படி வைக்கவேண்டும். பொதுக் கிணறு இருக்கும்போது தண்ணீரை ஏன் செம்புக் கணக்கில் வாங்கவேண்டும்?

நான்காவது, உபாத்தியாயர்கள் தங்களுக்கு மிச்சமாகும் நேரத்தை வாதத்துக்குச் செலவிடவேண்டும். கணக்கெழுதித் திருத்தும் வேலையை யந்திரம் எடுத்துக்கொள்ளட்டும். ஏன், எப்படி என்று பிள்ளைகள் ஒருவரோடொருவர் வாதாடுவதை உபாத்தியாயர் நடத்தட்டும். பிள்ளைகளையே கணக்குச் செய்யச் சொல்லலாம். எந்த எண்ணைப் போட்டால் கணக்கு நடக்கும், எதைப் போட்டால் 450 கிலோமீட்டர் கல்லாகிவிடும் என்று யோசித்துப் பார்த்தவனுக்கு அந்தச் சூத்திரம் பிறகு மறக்காது.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. எழுதப் படிக்கத் தெரியாத தாய் தகப்பன்மாரும் தங்கள் பிள்ளையின் விஞ்ஞானப் படிப்பைச் சோதிக்கலாம். "இன்றைக்கு எத்தனை கணக்குப் போட்டாய்?" என்று கேட்க வேண்டாம். "மேலே போன கல் ஏன் நின்றது? நின்ற கல் ஏன் திரும்பி வந்தது? எனக்குப் புரியும்படி சொல்" என்று கேளுங்கள். பிள்ளை தட்டுத் தடுமாறியாவது சொன்னால் கட்டின பணம் வீணல்ல. "அதெல்லாம் பரீட்சைக்கு வராது" என்று சொன்னால், அடுத்த தவணைப் பணத்தைக் கட்டாமல் நிறுத்திவிட்டு, நாலு பிள்ளைகளை ஒன்றாய் உட்கார வைத்து ஒருவருக்கொருவர் பேசவிடும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.